டாங்கோ, பாராசூட், ஒரு வெள்ளைச் சிலுவை: யோனெல் ஃபெர்னிக்கின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம ருமேனியாவுக்குப் போறோம். முதல் உலகப் போர் முடிஞ்சு, இரண்டாவது இன்னும் ஆரம்பிக்காத அந்த இருபது வருஷம். அந்த இருபது வருஷத்துக்குள்ளயே ஒருத்தர் பாட்டு போட்டுப் பிரபலமாகி, விமானம் ஓட்டக் கத்துக்கிட்டு, பாராசூட்டில் குதிச்சு, செத்தும் போயிட்டார். பேரு யோனெல் ஃபெர்னிக்.

முடிவை முதல்லயே சொல்லிடுறேன்

இவர் கதையை யார் சொன்னாலும் கடைசிக் காட்சிக்காகத்தான் சொல்லுவாங்க. அதனால சஸ்பென்ஸ் வைக்காம அதை இப்பவே சொல்லிடுறேன். 1938 ஜூலை 22. செர்னவுட்ஸ் என்ற ஊரிலிருந்து தலைநகர் புக்கரெஸ்ட்டுக்குப் போகும் விமானத்தில் ஃபெர்னிக் ஏறினார். அது மலையில் விழுந்தது. உள்ளே இருந்த 14 பேரும் இறந்தார்கள். அவருக்கு 37 வயது. விமானம் ஓட்டத் தெரிந்தவர், பாராசூட்டில் குதிக்கத் தெரிந்தவர், அன்றைக்கு வெறும் பயணி.

கேட்டவுடனே மனசுல ஒட்டிக்குற கதை. சினிமா க்ளைமாக்ஸ் மாதிரி இருக்கு. பிரச்சனையே அங்கதான். முடிவு இவ்வளவு கச்சிதமா இருந்தா, அதுக்கு முன்னாடி வாழ்ந்த 37 வருஷம் அந்த ஒரு நாளுக்கு முன்னுரை மாதிரி ஆயிடும். அவர் போட்ட பாட்டு, பாட்டை எழுதின கவிஞர், அந்தக் காலம் எல்லாமே மங்கிடும். இன்னைக்கு நாம பண்ணப்போறது, அந்த முடிவைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு மத்ததைப் பார்க்குறது.

விமானத்தோட சேர்ந்து வளர்ந்த தலைமுறை

ஃபெர்னிக் பிறந்தது 1901ல், தர்கோவிஷ்தே என்ற பழைய ஊரில். புக்கரெஸ்ட்டுக்கு வடமேற்கே இருக்கு.

இந்த வருஷத்தைக் கவனிங்க. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903ல். அப்போ ஃபெர்னிக்குக்கு ரெண்டு வயசு. 1906ல் த்ராயன் வுயா என்ற ருமேனியர் பாரிஸ் பக்கத்துல, தான் செஞ்ச இயந்திரத்தை அதன் சொந்த சக்தியிலேயே தரையிலிருந்து எழுப்பிக் காட்டினார். சுமார் 12 மீட்டர் தூரம், ஒரு மீட்டர் உயரம். இன்னைக்கு நம்ம அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்குள்ளயே அடங்கிடும். ஆனா ருமேனியப் பசங்களுக்கு அது பெரிய விஷயம்: நம்ம ஆளும் பறந்திருக்கார்!

அடுத்தவர் அவுரெல் விலாய்க்கு. 1910ல் புக்கரெஸ்ட்டில் தானே வடிவமைச்ச விமானத்தில் பறந்து நாட்டுக்கே ஹீரோ ஆனார். 1913 செப்டம்பரில், கார்பாத்தியன் மலைத்தொடரைக் கடந்து போற முயற்சியில், மலைக்கு இந்தப் பக்கமே விழுந்து இறந்தார். ஃபெர்னிக்குக்கு அப்போ 12 வயசு.

ஆக, இந்தத் தலைமுறைக்கு விமானம்னா கண்ணு முன்னாடி வளர்ந்த பொருள். சாகச ஆசையும் சாவு பயமும் சேர்ந்தே வந்த பொருள். கார்பாத்தியன் மலைன்னா அவங்க தேசிய ஹீரோவால தாண்ட முடியாம போன மலை.

போர் முடிஞ்சதும் எல்லாம் வேகமாச்சு. 1918க்குப் பிறகு ருமேனியாவின் பரப்பளவு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. டிரான்சில்வேனியா, பெசராபியா, புக்கோவினா எல்லாம் வந்து சேர்ந்தன. செர்னவுட்ஸ்னு சொன்னேனே, அது அந்த புக்கோவினாவின் தலைநகர். அதுவரைக்கும் ஆஸ்திரியப் பேரரசின் ஊர். இன்னைக்கு உக்ரைனில் செர்னிவ்ட்சி என்ற பெயரில் இருக்கு. திடீர்னு பெரிசான நாட்டை இணைக்க ரயிலும் தந்தியும் மட்டும் போதாதுங்குற நிலை. 1920ல் பிரெஞ்சு-ருமேனிய விமானக் கம்பெனி ஒன்று தொடங்கி, சில வருஷத்துலயே பாரிஸையும் புக்கரெஸ்ட்டையும் இஸ்தான்புல்லையும் ஒரே பாதையில் இணைத்தது. 1925ல் பிராஷோவ் நகரத்தில் சொந்த விமானத் தொழிற்சாலையும் வந்துடுச்சு.

மாட்டுக்குப் பாடின பாட்டு, பெண்ணுக்குப் போச்சு

சரி, இப்போ பாட்டு பக்கம் வருவோம்.

அன்றைய புக்கரெஸ்ட்டுக்கு ‘சின்ன பாரிஸ்’னு பேரு. தோட்ட உணவகங்கள், கஃபேக்கள், இரவு விடுதிகள். அங்கே ரெண்டு விதமான பாட்டு ஓடிச்சு. ஒண்ணு ‘ரொமான்ட்ஸா’. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வர்ற நகரத்துச் சோகப் பாட்டு. பிரிவு, நிலா, பழைய காதல். உணவகங்களில் இதை வாசிச்சவங்க லவுட்டாரி என்று அழைக்கப்பட்ட தொழில்முறை இசைக்கலைஞர்கள். அவங்கள்ல பெரும்பாலானவர்கள் ரோமா சமூகத்தினர். இன்னொண்ணு, புதுசா வந்து இறங்கின டாங்கோ. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் பிறந்து, பாரிஸ் வழியா ஐரோப்பா முழுக்கப் பரவினது.

இந்த டாங்கோ ருமேனியாவுக்கு வந்து என்ன ஆச்சுன்னு புரிய ஒரு பாட்டு போதும்: ‘சராசா’. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மெட்டு. ஒரிஜினலில் சராசாங்குறது ஒரு மாட்டோட பேரு. வண்டிக்காரர் ஒருத்தர் தன் மாட்டுக்கிட்ட பாடுற பாட்டு! புக்கரெஸ்ட் வந்ததும் ருமேனிய வரிகளில் சராசா ஒரு மயக்கும் பெண் ஆயிட்டா. கிறிஸ்டியான் வாசிலே பாடினார், ஊரே பாடுச்சு.

கதை அதோட நிக்கல. 2004ல் மிர்ச்சா கர்தரெஸ்கு என்ற பெரிய ருமேனிய எழுத்தாளர், அந்த சராசா நிஜமாவே வாழ்ந்த பெண், பாடகரின் காதலி, கொலை செய்யப்பட்டாள் என்று ஒரு சிறுகதை எழுதினார். முழுக்கக் கற்பனை. ஆனா கதை அவ்வளவு அழகா இருந்ததால நிறைய பேர் அதை வரலாறாவே நம்பிட்டாங்க. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இந்த உலகத்துலதான் ஃபெர்னிக் பாட்டு போட்டார். டாங்கோ, ரொமான்ட்ஸா ரெண்டுமே. ‘வானத்தில் நிலா தோன்றும்போது’ என்று பொருள்படும் ‘பே போல்ட்டா கந்து அப்பாரே லூனா’ அவருடையதுதான். இன்னைக்கும் ருமேனியாவில் வயசானவங்க சேர்ந்து பாடுற பாட்டு அது.

அப்போ ஒரு பாட்டு ஹிட் ஆகுறதுன்னா என்ன அர்த்தம்? மூணு வழி இருந்துச்சு. முதல்ல அச்சடிச்ச இசைத்தாள். அழகான அட்டைப் படத்தோட கடையில விற்பாங்க. வீட்டுல பியானோ இருக்குறவங்க வாங்கி வாசிப்பாங்க. ரெண்டாவது கிராமஃபோன் ரெக்கார்டு. மூணாவது வானொலி. புக்கரெஸ்ட் வானொலி தன் முதல் ஒலிபரப்பைச் செய்தது 1928 நவம்பர் 1 அன்று. ஆக, ஃபெர்னிக் சரியான நேரத்துல இருந்தார். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி இருந்திருந்தா, உணவகத்தோடயே பாட்டு நின்னிருக்கும்.

இந்த வழிகள் எல்லாத்துலயும் ஒரு வித்தியாசம் இருக்கு. இசைத்தாளில் இசையமைப்பாளர் பேரு தெளிவா இருக்கும். ரெக்கார்டில் பாடகர் பேருதான் ஆளை இழுக்கும். இசையமைப்பாளர் பேரு சின்ன எழுத்துல. உணவகத்துல பேரே இல்ல, ‘அந்த நிலா பாட்டு வாசிங்க’ அவ்வளவுதான். பாட்டு எவ்வளவு தூரம் போகுதோ, அவ்வளவுக்குப் போட்டவர் பேரு கழண்டு விழுந்துடுது.

பாட்டுக்காரர் ஏன் வானத்துக்குப் போனார்?

இன்னைக்கு நமக்கு ‘இசையமைப்பாளர் ப்ளஸ் பைலட்’னா விசித்திரமா தெரியுது. ஆனா 1930களின் புக்கரெஸ்ட்டில் நின்னு பார்த்தா அப்படித் தெரியாது.

ஒரு உதாரணம். இளவரசர் கரோல் வாரிசு உரிமையை விட்டுக்கொடுத்துட்டு வெளிநாட்டில் இருந்தார். 1930 ஜூனில் திரும்பி வந்து மன்னராகணும்னு முடிவு பண்ணார். எப்படி வந்தார் தெரியுமா? விமானத்துல! அரியணையைப் பிடிக்கவே ஒருத்தர் பறந்து வந்த நாடு அது. ரெண்டாம் கரோல் என்ற பெயரில் மன்னரும் ஆனார்.

இன்னொரு உதாரணம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்மராந்தா ப்ராயெஸ்கு என்ற பெண். 1928ல் முதல்முறை பாராசூட்டில் குதிச்சாங்க. 1932ல் அமெரிக்காவில் சாக்ரமென்டோ நகரத்துக்கு மேலே, 7,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து குதிச்சு உலக சாதனை படைச்சாங்க. அந்த உயரத்துல மூச்சு விடக் காத்தே பத்தாது. நாடு திரும்பினதும் அவங்களுக்குக் கிடைச்ச புகழ் ஒரு சினிமா நட்சத்திரத்துக்குக் கிடைக்கிற புகழ்.

அதாவது பாராசூட் குதிப்புங்குறது அன்னைக்கு ராணுவப் பயிற்சி மட்டும் இல்ல, மேடைக் கலை மாதிரியும் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை விமானக் காட்சிக்குக் கூட்டம் கூடும், மேல ஒரு புள்ளி தெரியும், வெள்ளைத் துணி விரியும், கீழ கைத்தட்டல். டாங்கோவும் விமானமும் ஒரே கூட்டத்துக்கான ரெண்டு நிகழ்ச்சி. ஃபெர்னிக் ரெண்டு உலகத்துல வாழலை. ஒரே உலகத்தோட ரெண்டு மேடையில நின்னார். விமானம் ஓட்டக் கத்துக்கிட்டார். நாட்டின் ஆரம்பகால பாராசூட் வீரர்களில் ஒருவராகவும் ஆனார். நடுவுல எழுதவும் செஞ்சார்.

வெள்ளை பிர்ச் சிலுவை

இப்போ அவரோட ரொம்பப் புகழ்பெற்ற பாட்டுக்கு வருவோம். ‘குருச்சே ஆல்பா தே மெஸ்தேயகான்’. ‘பிர்ச் மரத்தால் ஆன வெள்ளைச் சிலுவை’னு அர்த்தம்.

பிர்ச் மரத்தோட பட்டை வெள்ளையா இருக்கும். முதல் உலகப் போரில் கிழக்குப் போர்முனையில் இறந்தவங்களைப் புதைச்ச இடத்துல, பக்கத்துக் காட்டுல இருந்து ரெண்டு கிளையை வெட்டிக் கட்டி சிலுவையா நட்டு வைப்பாங்க. ருமேனியா 1916ல் போரில் இறங்கியது. மூணு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. நிறைய பேருக்குக் கல்லறைக் கல் கிடையாது, பேரும் கிடையாது. மலையில அந்த மாதிரி தனியா நிக்குற ஒரு சிலுவையைப் பார்த்துப் பேசுற பாட்டு இது.

வரிகள் ஃபெர்னிக்குடையது இல்ல. எழுதினவர் அர்துர் எனஷெஸ்கு என்ற கவிஞர். 1889ல் பொட்டோஷான் ஊரில் பிறந்தவர். பாட்டு நாடு முழுக்க ஓடிட்டு இருந்தப்போ அவர் எங்க இருந்தார்? புக்கரெஸ்ட் தெருவுல. மனநலம் பாதிக்கப்பட்டு, வீடில்லாம, பிச்சை எடுத்து வாழ்ந்தார். 1942ல் இறந்தார்.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உள்ளே உணவகத்துல பிடில் வாசிக்குறாங்க, காசு உள்ளவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கேட்குறாங்க. அந்த வரிகளை எழுதினவர் அதே நகரத்துத் தெருவில் கையேந்திட்டு நிக்குறார். பேரு இல்லாத கல்லறையைப் பத்தி எழுதின ஆளே, உயிரோட இருக்கும்போதே பேரு இல்லாதவரா ஆயிட்டார்.

ஃபெர்னிக்கோட முடிவைவிட எனக்கு இதுதான் கனமா தெரியுது. இதுல விமானம் இல்ல, க்ளைமாக்ஸ் இல்ல. அதனாலதான் யாரும் சொல்லுறதில்ல.

1938, ஜூலை

சரி, ஓரமா வெச்ச முடிவை இப்போ எடுப்போம். மெதுவா பார்ப்போம்.

அந்த விமானம் ஒரு லாக்ஹீட் 14 சூப்பர் எலெக்ட்ரா. ரெண்டு எஞ்சின், முழுக்க உலோகம், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம். போலந்தின் லாட் நிறுவனத்துக்குச் சொந்தமானது. வார்சாவிலிருந்து தெற்கே வரும் சர்வதேசப் பாதை. நடுவில் நிற்கும் இடங்களில் ஒன்று செர்னவுட்ஸ்.

அந்தக் கோடையில் உலகத்துலயே பரபரப்பா பேசப்பட்ட விமானம் இந்த மாடல்தான். ஜூலை 10லிருந்து 14 வரை, ஹோவர்ட் ஹியூஸ் இதே மாடலில் உலகத்தைச் சுற்றி வந்தார். 3 நாள் 19 மணி நேரம். அதுக்கு முந்தைய சாதனை ஏழரை நாளுக்கும் மேல. பாதிக்கும் கீழ கொண்டுவந்துட்டார். லாட் நிறுவனமும் சும்மா இல்ல. அந்த மே, ஜூனில்தான் தன்னுடைய சூப்பர் எலெக்ட்ரா ஒன்றைக் கலிஃபோர்னியாவிலிருந்து தென் அமெரிக்கா வழியா, அட்லாண்டிக்கைத் தாண்டி வார்சா வரைக்கும் பறக்க வெச்சே கொண்டுவந்தாங்க.

ஹியூஸ் தரையிறங்கி எட்டாவது நாள், ஃபெர்னிக் செர்னவுட்ஸில் ஏறுறார். அங்கிருந்து புக்கரெஸ்ட் நேர்கோட்டில் சுமார் 430 கிலோமீட்டர். ரயிலில் நாள் முழுக்க இழுக்குற பயணம். இதில் ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. விமானங்களைத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அன்னைக்கு இதைவிட நல்ல தேர்வு இல்ல.

புறப்பட்டு 100 கிலோமீட்டர்கூடப் போகல. ஸ்துல்பிகான் என்ற ஊர் பக்கம், கார்பாத்தியன் மலைக்காட்டில் விழுந்தது. யாரும் பிழைக்கல.

‘பாராசூட் வீரர், ஆனா பாராசூட் இல்லாம செத்தார்’னு சொல்லுவாங்க. உருக்கமான வாக்கியம். ஆனா கொஞ்சம் இன்ஜினியர் மூளையோட பாருங்க. பயணிகள் விமானத்தில் பாராசூட் வைக்கிறதில்லைங்குறதுக்குக் காரணம் இருக்கு. குதிக்க உயரம் வேணும், நேரம் வேணும், விமானம் நிலையா இருக்கணும், கதவு திறக்கணும், குதிக்கிறவருக்குப் பயிற்சி வேணும். மலைக்குள்ள மோதுற விபத்துகளில் இதுல எதுவுமே கிடைக்காது. அவர் கையில ஒண்ணு இருந்திருந்தாலும் பெரிசா மாறியிருக்க வாய்ப்பில்ல. திறமை இருந்தும் அதைப் பயன்படுத்த இடமில்லாத சீட்டு அது. பயணியா உட்கார்றதுன்னா நம்ம கன்ட்ரோலை இன்னொருத்தர்கிட்ட கொடுக்குறதுதானே. நாம ஒவ்வொருத்தரும் தினமும் பஸ்லயும் ட்ரெயின்லயும் பண்ணுறது அதைத்தான்.

பாட்டு ஜோசியம் சொல்லுமா?

அவர் இறந்ததும் மக்கள் என்ன செஞ்சாங்க? மலை, தனிச் சிலுவை, சாவு. பாட்டையும் விபத்தையும் சேர்த்துத் தெச்சுட்டாங்க. ‘தன் சாவைத் தானே பாடி வெச்சுட்டார்’.

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. வரியை எழுதினது வேற ஆள். அந்தச் சிலுவை போரில் செத்த வீரனுக்கானது. ஒரு இசையமைப்பாளர் நிலாவைப் பத்தி, பெண்ணைப் பத்தி, பொய்யைப் பத்தி எத்தனையோ பாட்டுக்கு மெட்டு போடுறார். விபத்து நடந்த பிறகு, அதுல பொருந்துற ஒண்ணை மட்டும் நாம எடுத்துக்கிட்டு ‘பாத்தியா!’ங்குறோம். சராசா கதையில பார்த்தோமே, அதேதான். கதை அழகா இருந்தா உண்மையான்னு கேட்கத் தோணாது.

அதுல இன்னொரு நஷ்டமும் இருக்கு. பாட்டு ஃபெர்னிக்கின் கல்லறைப் பாட்டு ஆன உடனே, அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பேரில்லாத வீரர்கள் ரெண்டாவது தடவை காணாம போறாங்க. எனஷெஸ்கு மூணாவது தடவை.

அப்புறம் என்ன ஆச்சு?

இந்த உலகம் ஃபெர்னிக்குக்குப் பிறகு ரொம்ப நாள் தாங்கல. 1940ல் சோவியத் படைகள் செர்னவுட்ஸை எடுத்துக்கிட்டாங்க. அதே வருஷம் கரோல் மன்னர் நாட்டை விட்டு ஓடினார். போருக்குப் பின் கம்யூனிஸ்ட் ஆட்சி. ஜான் மோஸ்கோப்போல் மாதிரி டாங்கோ நட்சத்திரங்கள் வெளிநாடு போயிட்டாங்க. அவர் 1980ல் நியூயார்க்கில் இறந்தார். ஸ்மராந்தா ப்ராயெஸ்கு 1946 தேர்தல் மோசடியை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டதுக்காகத் தேடப்பட்டு, தலைமறைவா இருந்தே 1948ல் இறந்தாங்க. உலக சாதனை படைச்ச பெண்ணுக்கு அந்த முடிவு.

ஆனா ரொமான்ட்ஸா சாகல. 1967ல் இந்த வகைப் பாட்டுக்குன்னே ‘தங்கச் சாமந்தி’ என்ற பெயரில் ஒரு விழா ஆரம்பிச்சாங்க. எந்த ஊர் தெரியுமா? தர்கோவிஷ்தே. ஃபெர்னிக் பிறந்த அதே ஊர். இன்னைக்கும் அந்த விழான்னா ஞாபகம் வர்றது அந்த ஊர்தான்.

அந்தப் பழைய ரெக்கார்டுகளும் இப்போ டிஜிட்டலா கிடைக்குது. தேடினா வரும். ஆனா பெரும்பாலும் திரையில பெரிசா தெரியுறது பாடகர் பேருதான். 90 வருஷம் முன்னாடி ரெக்கார்டு லேபிளில் இருந்த அதே பழக்கம், இப்போ டேட்டா என்ட்ரியா மாறியிருக்கு. கிரெடிட்ஸ்னு ஒரு சின்ன பட்டன் இருந்தா அதுக்குள்ள ஃபெர்னிக் இருப்பார், எனஷெஸ்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அதனால இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. ‘குருச்சே ஆல்பா தே மெஸ்தேயகான்’ தேடிக் கேளுங்க. மொழி புரியலைன்னாலும் பரவாயில்ல. விமானத்தை மறந்துட்டுக் கேளுங்க. மெட்டு போட்டவர் யோனெல் ஃபெர்னிக், வரி எழுதினவர் அர்துர் எனஷெஸ்கு. இந்த ரெண்டு பேரையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிட்டு அப்புறம் ப்ளே பண்ணுங்க.